உக்கிய கதவு நிலையையும் யன்னலையும் எப்பொக்சி கொண்டு திருத்துதல்: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

மார்கழி மழை ஓய்ந்து சுவர்கள் காயத் தொடங்கும்போதுதான் எமது பகுதி வீடுகளில் மரத்தின் உண்மையான நிலைமை வெளிப்படுகிறது. கதவு நிலையின் அடிக்கால், யன்னலின் கீழ்ச்சட்டம், விறாந்தைத் தூணின் பாதம் ஆகிய இடங்களில் பெயின்ற் குமிழியிட்டிருக்கும். தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு மரம் முழுமையாகவே தோன்றும். ஆனால் பெருவிரலால் அழுத்தினால் நனைந்த பாணைப் போல உள்ளே அமுங்கும். அந்த இடத்தில் சீமெந்தையோ புட்டியையோ அப்பிப் பெயின்ற் பூசிவிட்டால், அடுத்த ஐப்பசி மழையோடு அப்பியது அப்படியே கழன்று விழும், அதற்குப் பின்னால் உள்ள மரம் முன்னரைவிட அதிகமாக உக்கியிருக்கும்.

நிலையை முழுமையாக மாற்றுவது என்றால் சுவரை உடைக்க வேண்டும், மீண்டும் பூச வேண்டும், கதவையும் புதிதாகப் பொருத்த வேண்டும். அதுமட்டுமல்ல, பழைய வீடுகளில் உள்ள முதிரை, பாலை போன்ற வைரம் பாய்ந்த மரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, இன்று கிடைக்கும் முற்றாத மரத்தை அந்த இடத்தில் வைப்பது பெரும்பாலும் நட்டமான மாற்றமாகவே அமைகிறது. எனவே பழுதடைந்த பகுதியை மாத்திரம் அகற்றி, எஞ்சிய நல்ல மரத்தைக் காப்பாற்றும் வழி தெரிந்திருப்பது அவசியம். றெசின் என்ற பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் கலந்து பயன்படுத்தும் எப்பொக்சி அதற்கு மிகச் சிறந்த பொருள். எனினும் அது தண்ணீர் வரும் வழியை நிறுத்தாது, கறையானைக் கொல்லாது, ஈரமான மரத்தில் ஒழுங்காக ஒட்டவும் செய்யாது. எப்பொக்சித் தகரத்தைத் திறப்பதற்கு முன்னரே இந்த வேலையின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு தொடங்குங்கள்.

எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக் கூடாது

கூரான திருப்புளி ஒன்றை எடுத்து, பழுது தெரியும் இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் விரலிடை விட்டு விட்டுக் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் திருப்புளியின் முனை சற்றே பதிந்து நின்றுவிடும். கிளறினால் நீளமான நார் உடைந்து எழும்பும். உக்கிய மரத்தில் முனை தடையின்றி இறங்கும். கிளறினால் நார் இல்லாமல் சிறு துண்டாகப் பொட்டென்று உடையும். மரம் கபில நிறமாகிக் குறுக்கும் நெடுக்குமாக வெடித்துச் சிறு கட்டிகளாகப் பிரிந்திருந்தால், அது பூஞ்சணத்தால் ஏற்பட்ட உக்கல். மேற்பரப்பு மெல்லிய ஓடாக நிற்க, உள்ளே மண் பூசிய அறைகள் இருந்தால் அது கறையானின் வேலை. இரண்டையும் வேறுபடுத்தி அறிவது முக்கியம், ஏனெனில் கறையான் மண்ணிலிருந்து மண் குழாய் கட்டிக்கொண்டு வருகிறது. நிலத்திலும் அத்திவாரத்திலும் அதற்குரிய மருந்தை இட்டு அதன் பாதையை அடைக்கும் வரை மரத்தில் செய்யும் எந்தத் திருத்தமும் பயன் தராது.

குத்திப் பார்த்த எல்லையைப் பென்சிலால் கோடிட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தின் குறுக்குவெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்டுப் பழுது இருந்தால், எப்பொக்சியில் மரத்தூள் கலந்து தடிப்பாக்கிய களியால் நிரப்புவது போதுமானது. அதற்கு மேற்பட்டால் புதிய மரத்துண்டு ஒன்றை ஒட்டு வைத்து, எப்பொக்சியை ஒட்டும் பசையாக மாத்திரம் பயன்படுத்துவது சிறந்தது. முழு நீளமும் போய்விட்ட சட்டத்தை மாற்றத்தான் வேண்டும்.

கூரையைத் தாங்கும் மரங்களை இந்த வழிகாட்டியின் எல்லைக்குள் நான் சேர்க்கவில்லை. வளை, தீராந்தி, கைமரம் ஆகியவற்றின் முனைகள் உக்கியிருந்தால், நல்ல தச்சர் ஒருவரை அழைத்து மரத்தை மாற்றுங்கள் அல்லது இரு பக்கமும் புதிய மரம் வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் கூரைகள் பறந்ததைக் கண்டவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அப்படியான காற்று வீசக்கூடிய கரையில், கூரைப் பொருத்தின் பலத்தைக் களியிடம் ஒப்படைக்கக் கூடாது.

தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடித்தல்

மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும் வரை உக்கலை உண்டாக்கும் பூஞ்சணம் வளர முடியாது. அதாவது உக்கல் தோன்றிய ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் அடிக்கடி வந்து தங்கியிருக்கிறது. அது எந்த வழியாக வந்தது என்பதைக் கண்டுபிடிக்காமல் உளியைக் கையில் எடுக்க வேண்டாம்.

எமது வீடுகளில் பெரும்பாலும் காணப்படும் காரணங்கள் சில. பீலி அடைபட்டு மழைநீர் சுவரோடு வழிவது ஒன்று. யன்னலின் கீழ்ச்சட்டம் சாய்வில்லாமல் தட்டையாக இருப்பதால், வாடைக்காற்றோடு அடிக்கும் மழை அதன் மேல் தேங்கி நிற்பது இன்னொன்று. மிக அதிகமாகக் காணப்படுவது, கதவு நிலையின் கால் சீமெந்துத் தரைக்குள் புதைந்திருப்பது. தரையைக் கழுவும் ஒவ்வொரு முறையும் அந்தச் சீமெந்துக் குழிக்குள் தண்ணீர் இறங்குகிறது. மரத்தின் வெட்டுமுகம் அதை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. வெளியில் பூசிய பெயின்ற் அந்த ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்து வைத்திருக்கிறது. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, காரைதீவு போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்புப் படிந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதுடன், உள்ளே இருக்கும் இரும்பு ஆணிகளும் துருவேறி வீங்கி மரத்தை வெடிக்கச் செய்கின்றன.

கீழ்ச்சட்டத்தைத் திருத்தும்போதே அதன் மேற்பரப்புக்கு வெளிநோக்கிய சாய்வைக் கொடுத்துவிடுங்கள். 10 சென்ரிமீற்றர் அகலத்துக்கு 1 சென்ரிமீற்றர் இறக்கம் போதும். சட்டத்தின் அடிப்பக்கத்தில், வெளிவிளிம்பிலிருந்து ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் உள்ளே, 5 அல்லது 6 மில்லிமீற்றர் அகலத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் கீறிவிட்டால், அடியால் ஊர்ந்து சுவருக்குள் போகும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் தடைபட்டுச் சொட்டிவிடும். பல வீடுகளில் இந்தச் சிறு பள்ளம் இல்லாமையே யன்னல்கள் உக்குவதற்குப் பாதிக் காரணம் என்பது என் எண்ணம்.

உக்கலை வெட்டி எடுத்தல்

முதலில் பழைய பெயின்றைச் சுரண்டுங்கள். பல பத்தாண்டு பழமையான பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், தண்ணீர் தெளித்துச் சுரண்டி, கழிவைக் கடதாசியில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். சிறு பிள்ளைகளை அந்த இடத்துக்கு வர விடாதீர்கள்.

பின்னர் உளியும் சுத்தியலும் கொண்டு உக்கிய பகுதியை அகற்றுங்கள். தூளாக உதிர்வது, விரலால் நசிவது, கபில நிறக் கட்டியாக உடைவது எல்லாம் போக வேண்டும். பென்சில் கோட்டுடன் நின்றுவிடாமல் நல்ல மரத்துக்குள்ளும் சற்றுத் தூரம் வெட்டுங்கள். நார் வழியே 2 முதல் 5 சென்ரிமீற்றர் வரை மேலதிகமாக எடுப்பது பாதுகாப்பானது. ஏனென்றால் பூஞ்சணத்தின் நுண்ணிய இழைகள் கண்ணுக்குத் தெரியும் உக்கலைத் தாண்டியும் பரவியிருக்கும். குழியின் விளிம்புகள் மெல்லிதாகச் சரிந்து முடியாமல், குறைந்தது 5 மில்லிமீற்றர் ஆழத்தில் நேராக நிற்கும்படி வெட்டுங்கள். மெல்லிதாகச் சரிந்த விளிம்பில் களி தகடாக முடியும். அந்தத் தகடுதான் முதலில் உரியும். துருவேறிய ஆணிகளைப் பிடுங்கி எடுத்துவிட்டு, மீண்டும் தேவைப்படும் இடங்களில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகளைப் பயன்படுத்துங்கள்.

உலர்த்தல்

பொறுமை அதிகம் தேவைப்படும் கட்டம் இதுதான். கடலோர வீடாயின், வெட்டித் திறந்த மரத்தை நல்ல தண்ணீரால் ஓரிரு தடவை கழுவி உப்பைப் போக்கிய பின் உலர விடுங்கள். மேலே மழை படாமல் தகரம் அல்லது பொலித்தீன் கொண்டு மறைப்புக் கட்டுங்கள். ஆனால் பக்கங்களில் காற்று தாராளமாக ஓட வேண்டும். பொலித்தீனை மரத்தோடு சேர்த்துச் சுற்றிவிட்டால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

எமது பகுதியில் இதற்கு ஏற்ற காலம் பங்குனி தொடக்கம் புரட்டாதி வரை. அதிலும் கச்சான் காற்று வீசும் வைகாசிக்குப் பிந்திய மாதங்களில் மரம் மிக விரைவாக உலர்கிறது. மத்திய மலைநாட்டைத் தாண்டி இறங்கி வரும் அந்த வெப்பமான உலர்காற்றை வீட்டுப் பெண்கள் மிளகாய் காயவைக்கப் பயன்படுத்துகிறார்கள். மர வேலைக்கும் அதைப்போன்ற ஒரு உதவி வேறில்லை. கார்த்திகையிலும் மார்கழியிலும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். அவசரமானால் உக்கலை வெட்டியெடுத்து, மறைப்புக் கட்டி, மழை முடியும் வரை திறந்தபடி விட்டுவிடுவதே நல்லது.

உலர்ந்துவிட்டதா என்பதை அறிய ஈரப்பதமானி இருந்தால் 15 சதவீதத்தை ஒட்டி வரும் வரை காத்திருங்கள். கருவி இல்லாதவர்கள், குழியின் ஆழமான பகுதியிலிருந்து உளியால் சில சிராய்களை எடுத்து, நுண்ணிய அளவு காட்டும் இலத்திரனியல் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். அவற்றை ஏறக்குறைய 100 பாகை செல்சியஸ் சூட்டில் அவணில் வைத்து, நிறை மேலும் குறையாத வரை காயவிட்டு மீண்டும் நிறுங்கள். முதலில் 23 கிராம் இருந்தது 20 கிராமாகக் குறைந்தால், போன தண்ணீர் 3 கிராம். அதை உலர்ந்த நிறையான 20ஆல் பிரித்தால் 15 சதவீதம் வரும். அவணும் இல்லையென்றால், தெளிவான பொலித்தீன் துண்டொன்றைக் குழியின் மேல் நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் போகாமல் ஒட்டி, ஓர் இரவும் பகலும் விட்டுப் பாருங்கள். உட்புறத்தில் நீர்த்துளிகள் படிந்தால் மரம் இன்னும் தயாராகவில்லை.

எல்லையில் எஞ்சியிருக்கும் பூஞ்சணத்துக்கு எதிராகப் போரோன் உப்புக் கரைசல் நல்ல பாதுகாப்பு. 1 லீற்றர் சூடான தண்ணீரில் 60 கிராம் வெண்காரத்தையும் 40 கிராம் போரிக் அமிலத்தையும் கரைத்து, குழியிலும் சுற்றியுள்ள மரத்திலும் தூரிகையால் பல தடவை பூசுங்கள். மரம் சற்று ஈரமாக இருக்கும்போது இது ஆழமாக ஊறும் என்பதால், கடைசி உலர்த்தலுக்கு முன் இதைச் செய்வது பொருத்தமானது. முழுமையாகக் காய்ந்த பின், மேற்பரப்பில் படிந்த வெள்ளை உப்பைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்து அகற்றுங்கள். அது இருந்தால் எப்பொக்சி ஒட்டாது. கரைசலைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்க வேண்டாம்.

கடையில் எதைக் கேட்பது

இங்கே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. மீன்பிடிப் படகுகள் நிறைந்த ஊர்களில் றெசின் என்று கேட்டால், பைபர் படகு திருத்தும் பொலியெஸ்டர் றெசினையே பெரும்பாலும் தருவார்கள். அதற்குரிய ஹார்ட்னர் சில துளிகள்தான், நூற்றுக்கு 1 அல்லது 2 என்ற அளவில் சேர்க்கப்படும். விலை குறைவு, விரைவாக இறுகும், மூக்கைத் துளைக்கும் மணம் வரும். படகின் பைபருக்கு அது சரியான பொருள். ஆனால் மரத்தில் அது எப்பொக்சியைப் போல இறுகப் பற்றுவதில்லை. இறுகும்போது கணிசமாகச் சுருங்குவதால், விளிம்பில் மயிரிழை இடைவெளி விழுந்து தண்ணீர் இறங்கும். எப்பொக்சியின் அடையாளம், அதன் இரண்டாம் பகுதி துளிக்கணக்கில் அல்லாமல் 1:1, 2:1, 3:1 போன்ற பெரிய விகிதத்தில் இருப்பது. ஒன்றின் ஹார்ட்னரை மற்றதற்கு ஊற்றினால் எதுவுமே நடக்காது, அல்லது என்றுமே இறுகாத பிசினாக நின்றுவிடும்.

அரல்டைட் குழாய்களும் எப்பொக்சிதான். தளர்ந்த திருகாணித் துளை போன்ற சிறு வேலைக்கு அவை போதும். ஆனால் ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை நீரைத் தாங்கும் திறனில் குறைந்தது, வெளிவேலைக்கு வேண்டாம். குழி பெரிதானால், தண்ணீர் போலப் பாயும் எப்பொக்சி றெசினும், மெதுவாக இறுகும் ஹார்ட்னரும் வாங்குங்கள். எமது வெப்பத்துக்கு மெதுவான ஹார்ட்னரே பொருந்தும். களியாக்குவதற்கு, அரித்தெடுத்த நுண்ணிய மரத்தூள், தடிப்பாக்கும் சிலிக்காத் தூள் ஆகியவை தேவை. தச்சுப் பட்டறையில் மரத்தூள் எடுக்கும்போது அது நன்கு உலர்ந்ததா என்று பாருங்கள்.

கைக்கு நைட்ரைல் கையுறை கட்டாயம். எப்பொக்சி தோலில் அடிக்கடி பட்டால், ஒரு கட்டத்தில் உடல் அதை ஏற்க மறுத்து, அரிப்பும் தடிப்பும் ஏற்படும். அந்த ஒவ்வாமை வந்த பின் வாழ்நாள் முழுவதும் நீங்காமல் போகலாம். தோலில் பட்டால் தின்னர் பூசித் துடைக்க வேண்டாம். தின்னர் அதைத் தோலுக்குள் மேலும் ஊடுருவச் செய்யும். துணியால் துடைத்துச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள்.

கலத்தல்

போத்தலில் குறிப்பிட்டுள்ள விகிதத்தை அப்படியே பின்பற்றுங்கள். விரைவாக இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கூட்டுபவர்கள் உண்டு. எப்பொக்சியில் அது வேலை செய்யாது. மிஞ்சிய ஹார்ட்னர் சேர்வதற்குத் துணையின்றி உள்ளேயே நின்று, முழுவதையும் மென்மையாக்கிவிடும். கனவளவு விகிதமும் நிறை விகிதமும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். ஹார்ட்னர் றெசினைவிட இலேசானது என்பதால், தராசில் அளப்பவர்கள் நிறைக்குரிய விகிதத்தையே பார்க்க வேண்டும். சிறு அளவுகளுக்குப் பாமசியில் வாங்கும் ஊசியில்லாத சிறிஞ்சுகள் மிகவும் வசதியானவை. றெசினுக்கு ஒன்று, ஹார்ட்னருக்கு ஒன்று என்று தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவிக் காயவைத்த யோகட் கப் ஒன்றில் ஊற்றி, தட்டையான குச்சியால் குறைந்தது 2 நிமிடம், பக்கங்களையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பின்னர் வேறொரு கப்புக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம் கலக்குவது நல்ல பழக்கம், ஏனெனில் முதற் கப்பின் ஓரத்தில் கலக்காத றெசின் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரே தடவையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் கலக்க வேண்டாம். எப்பொக்சி இறுகும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. பெரிய அளவாக ஒரே பாத்திரத்தில் நின்றால் அந்த வெப்பம் தன்னையே மேலும் சூடாக்கி, புகைந்து, கப்பையும் உருக்கிவிடும். வெப்பநிலை 10 பாகை கூடினால் கையாளும் நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். 25 பாகைக்கு 30 நிமிடம் என்று எழுதியிருந்தால், சித்திரை வெயிலில் 35 பாகையில் 15 நிமிடம்தான் கிடைக்கும். கலந்ததை ஆழமற்ற தட்டில் பரப்பி வைத்தால் நேரம் சற்று நீளும். மிஞ்சியதைக் குப்பையில் உடனே போடாமல், முற்றத்து மணலில் வைத்து இறுகிய பின் அகற்றுங்கள்.

மென்மையான ஓரத்தை இறுக்குதல்

முழுமையாக வெட்டி எடுக்க முடியாத, ஓரளவு மென்மையான மரம் குழியின் அடியில் எஞ்சியிருந்தால், அதற்குள் தனி எப்பொக்சியை, அதாவது தூள் எதுவும் சேர்க்காத கலவையை, ஊறவிட்டு இறுக்க வேண்டும். 4 மில்லிமீற்றர் அலகால், 2 அல்லது 3 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்வாகத் துளைகள் இடுங்கள். மறுபக்கம் துளைத்து வெளியேற வேண்டாம். அப்படி வெளியேறினால் மெழுகுக்களியால் அடையுங்கள். சிறிஞ்சால் ஒவ்வொரு துளையையும் நிரப்பி, உறிஞ்சியதும் மீண்டும் நிரப்பி, மரம் இனி ஏற்காது என்னும் வரை தொடருங்கள்.

நன்றாக ஊறட்டும் என்று தின்னர் கலந்து நீர்க்கச் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. ஆவியாக வேண்டிய தின்னர் உள்ளே சிறைப்பட்டு, இறுகிய எப்பொக்சியைப் பலவீனமாக்கும். அதைவிடச் சிறந்த வழி பின்னேரத்தைப் பயன்படுத்துவது. பகல் முழுவதும் வெயிலில் சூடான மரம் மாலை 4 மணிக்குப் பின் குளிரத் தொடங்கும்போது, அதன் துளைகளில் உள்ள காற்று சுருங்கி, மேலே உள்ள எப்பொக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் பூசினால் நேர்மாறாக நடக்கும்: சூடாகும் மரத்திலிருந்து காற்று விரிந்து வெளியேறி, பூச்சு முழுவதும் குமிழிகளாக நிற்கும்.

முதிரை, பாலை போன்ற வைரமான மரங்கள் எப்பொக்சியை அதிகம் உறிஞ்சா. அவற்றின் மேற்பரப்பை 60 அல்லது 80 இலக்க அரத்தாளால் சொரசொரப்பாக்குவதே பிடிப்பைத் தரும். தேக்கில் எண்ணெய்த்தன்மை இருப்பதால், பூசுவதற்குச் சற்று முன் அசிற்றோன் தோய்த்த துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

குழியை நிரப்புதல்

உள்ளே ஊற்றிய எப்பொக்சி ஒட்டும் பதத்தில், விரலில் படியாத ஆனால் இன்னும் பிசுபிசுக்கும் நிலையில் இருக்கும்போதே களியை வைப்பது மிகச் சிறந்தது. இரண்டும் ஒன்றாக இறுகும். இறுகிவிட்டிருந்தால் தண்ணீரால் கழுவி, காயவிட்டு, அரத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பின்னரே தொடருங்கள்.

றெசினையும் ஹார்ட்னரையும் முதலில் முழுமையாகக் கலந்த பிறகுதான் தூளைச் சேர்க்க வேண்டும். மரத்தூளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கடைசியில் சிலிக்காத் தூளையும் இட்டுக் கிளறுங்கள். குச்சியால் அள்ளி நிமிர்த்தினால் வழியாமல் நிற்கும் பதம் நிலைக்குத்தான பரப்புகளுக்குச் சரி. சிலிக்காத் தூள் மிக இலேசாகப் பறக்கும். அதைக் கையாளும்போது முகக்கவசம் அணிந்திருங்கள்.

குழி ஆழமாயின் 1 முதல் 2 சென்ரிமீற்றர் அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கின் சூடும் தணிந்த பின் அடுத்ததை வையுங்கள். 30 சென்ரிமீற்றர் நீளமும் 6 சென்ரிமீற்றர் அகலமும் 3 சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள குழிக்கு 540 மில்லிலீற்றர் களி வேண்டும்; அதைத் தனி எப்பொக்சியால் நிரப்புவது பணத்தை வீணாக்குவதாகும். அதே இன மரத்தின் உலர்ந்த துண்டொன்றைக் குழியைவிடச் சற்றுச் சிறிதாகச் சீவி, எல்லாப் பக்கமும் எப்பொக்சி பூசி, நார் ஒரே திசையில் ஓடும்படி களிக்குள் அழுத்தி வைத்தால், செலவும் குறையும், மரத்தோடு மரமாக அசையவும் செய்யும். விளிம்பை வடிவாக்கப் பலகைத் துண்டொன்றில் பொலித்தீன் சுற்றி அச்சாக வைக்கலாம். எப்பொக்சி பொலித்தீனில் ஒட்டாது. இறுதி மட்டத்தை 2 மில்லிமீற்றர் உயர்த்தி விடுங்கள், பின்னர் தேய்த்துச் சமப்படுத்தலாம்.

இரண்டு சட்டங்கள் சந்திக்கும் பொருத்தின் மேலாகக் களியை ஒரே துண்டாக இழுத்துவிடக் கூடாது. மரம் மாரியில் வீங்கிக் கோடையில் சுருங்கும். எப்பொக்சி அப்படி அசையாது. களி அரைகுறையாக இறுகியிருக்கும்போதே பொருத்தின் கோட்டைக் கத்தியால் கீறி, பின்னர் அந்தக் கீறலைப் பொலியூரிதேன் சீலன்ட் கொண்டு அடையுங்கள்.

கதவு நிலையின் அடிக்கால்

அடிக்காலின் உக்கல் பெரும்பாலும் களியால் தீராது. நல்ல மரம் தொடங்கும் இடத்துக்கு மேலே சாய்வாக அறுத்து, புதிய துண்டொன்றை ஒட்டு வைக்க வேண்டும். சாய்வின் நீளம் நிலைக்காலின் தடிப்பைப்போல 2 அல்லது 3 மடங்கு இருக்கட்டும். சாய்வு வீட்டின் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்தை நோக்கிக் கீழே இறங்க வேண்டும். அப்போது ஒட்டின் கோட்டில் படும் மழைநீர் உள்ளே ஓடாமல் வெளியே வழியும். நிலைக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் லின்டல் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். இல்லையென்றால் சுவரின் பாரம் நிலையிலேயே நிற்கும். முட்டுக் கொடுக்காமல் அறுக்கக் கூடாது.

தரைக்குள் புதைந்த பகுதியைச் சீமெந்தை உடைத்து முழுமையாகப் பிடுங்கி எடுங்கள். அந்தக் குழியைக் கொங்கிறீட்டால் தரை மட்டத்துக்கு மேல் ஒரு விரல் உயரத்துக்கு நிரப்பி, மேற்பரப்பை வெளிநோக்கிச் சாய்த்துவிடுங்கள். புதிய மரம் அதன் மேல் நிற்க வேண்டும், அதற்குள் அல்ல. புதிய துண்டை வெள்ளை (பட்டையை அடுத்த வெளிறிய பகுதி) இல்லாத, வைரமான மரத்தில் தெரிவு செய்து, அதன் கீழ் வெட்டுமுகத்தில் தனி எப்பொக்சியை, உறிஞ்சுவது நிற்கும் வரை இரண்டு மூன்று தடவை பூசுங்கள். ஈரம் ஏறும் வாசல் அந்த வெட்டுமுகம்தான்; அதை அடைப்பது இந்த முழு வேலையிலும் மிக அதிகமான பயனைத் தரும் சில நிமிடங்கள்.

ஒட்டும் முகங்கள் இரண்டிலும் முதலில் தனி எப்பொக்சியைப் பூசி, அதன் மேல் சிலிக்கா கலந்து தேன் பதத்தைவிடத் தடிப்பாக்கியதைத் தடவிப் பொருத்துங்கள். கிளாம்பை மிக இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறிவிடும். எல்லா விளிம்பிலும் சிறிதளவு பிதுங்கும் வரை இறுக்கினால் போதும். இறுகிய பின், குறுக்காக இரண்டு ஸ்டெயின்லெஸ் திருகாணிகள் போடலாம். மரத்துக்கும் கொங்கிறீட்டுக்கும் இடையிலான கோட்டைச் சீலன்டால் மூடுங்கள், சீமெந்தால் அல்ல.

பிணைச்சல் திருகாணிகள் தளர்ந்திருந்தால் அதே நாளில் அவற்றையும் முடித்துவிடலாம். பழைய துளைகளை 10 மில்லிமீற்றராகப் பெருப்பித்து, எப்பொக்சிக் களியால் நிரப்பி, முழுமையாக இறுகிய பின் மையத்தில் புதிய துளையிட்டுத் திருகாணியை ஏற்றுங்கள்.

தேய்த்தலும் பூச்சும்

ஈரக்காற்றில் இறுகிய எப்பொக்சியின் மேல் மெழுகு போன்ற வழவழப்பான படலம் படியும். வாவியை ஒட்டிய வீடுகளில் இது கூடுதலாகவே தெரியும். அதைக் கழுவாமல் தேய்த்தால் அரத்தாள் அடைபடும், பெயின்றும் ஒட்டாது. வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பானும் கொண்டு கழுவித் துடைத்தாலே போய்விடும். அதன் பின் 80, 120, 180 என்ற ஒழுங்கில் தேய்த்து மட்டமாக்குங்கள். ஒரு நாளாவது இறுகாத எப்பொக்சியைத் தேய்க்கக் கூடாது. அரைகுறையாக இறுகிய தூசி சுவாசத்துக்கும் தோலுக்கும் அதிகம் தீங்கானது.

சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர்கள் எப்பொக்சியை மெல்ல மெல்ல மஞ்சளாக்கிச் சுண்ணாம்பு போலப் பொடியச் செய்கின்றன. எனவே பூச்சு இல்லாமல் அதை வெளியில் விட முடியாது. சில எண்ணெய்ப் பிரைமர்கள் புதிய எப்பொக்சியின் மேல் காயாமல் பிசுபிசுத்து நிற்கும். ஆகவே சில நாள் முழுமையாக இறுக விட்டு, ஓரத்தில் சிறிதளவு பூசிக் காய்கிறதா என்று சோதித்த பின் மீதியைப் பூசுங்கள். மேற்கு வெயில் படும் கதவுகளுக்குக் கடும் கபிலம், கறுப்பு போன்ற நிறங்களைத் தவிர்ப்பது நல்லது. பல எப்பொக்சிகள் 50 முதல் 60 பாகைக்கு மேல் இளகத் தொடங்கும். கடும் நிறப் பரப்பு சித்திரை வெயிலில் அந்தச் சூட்டை எட்டக்கூடும். சட்டத்தின் அடிப்பக்கத்தையும் சுவரை ஒட்டிய ஓரத்தையும் பூச மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு புரட்டாதியிலும், வாடைக்காற்றுத் தொடங்குவதற்கு முன், திருத்திய இடங்களைத் திருப்புளியின் பிடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்ற ஓசை கேட்டாலோ, விளிம்பில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலோ, அந்தக் கோட்டைக் கத்தி முனையால் V வடிவில் சற்றே திறந்து, உலர்ந்த வெயில் நாளொன்றின் மாலையில் தனி எப்பொக்சியைச் சிறிஞ்சால் ஓடவிட்டு, மறுநாள் கழுவித் தேய்த்து, அந்த இடத்துக்கு மாத்திரம் பிரைமரும் பெயின்றும் பூசிவிடுங்கள்.